மறைப்பது அன்பாகுமா?

மார்பகப் புற்றுநோய் மீண்டும் தலைகாட்டியதை மனைவியிடம் மறைப்பதே அன்பென்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். அன்பன்று அது, அநீதி.

காங்கேசன்துறையைச் சேர்ந்த கணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தார். மனைவியின் சீதனக் காணியை மகளுக்கு எழுதவேண்டும். காரணம் மட்டும் மனைவிக்குத் தெரியலாகாதாம். சத்திரசிகிச்சையோடு அகன்ற நோய் ஆறாண்டுகளின் பின் எலும்பிற் பரவியிருக்கிறது. காணி அவளுடையது, கையொப்பம் அவளுடையது, உடல் அவளுடையது. செய்தி மாத்திரம் அவளுடையதன்று! உறுதி எழுத மறுத்தேன். அம்மையாரைத் தனியே கண்டபொழுது அவர் சொன்னார்: "எனக்கு எல்லாம் தெரியும் ஐயா. இவர் தாங்கமாட்டார் எண்டுதான் தெரியாத மாதிரி இருக்கிறன்."

1990இல் ஊரை இழந்து, முகாமிலும் அயலூரிலும் ஆண்டாண்டாய் ஒரே பாயைப் பகிர்ந்த இருவர், இன்று ஒரே வீட்டில் இரு சுவர்களுக்குப் பின்னால் அழுகின்றனர். அவளுக்கு நோகுமென்று அவர் விறாந்தையிற் படுக்கிறார்; தன் உடலை அருவருத்தே விலகினாரென்று அவள் எண்ணுகிறாள். இதுவா அன்பு?

"அறிந்தால் உடைந்துபோவாள்" என்பது எதிர்வழக்கு. மீண்டும் வரும் நோய் முதல் நோயினும் கொடிய அடியென்பதை ஒப்புகிறேன். முதன்முறை, மாறிவிடுமென்ற நம்பிக்கை துணைநின்றது. வேறு உறுப்புக்குப் பரவிய நோயைப் பெரும்பாலும் அடியோடு நீக்க இயலாது. அடக்கிவைத்து வாழ்நாளை நீட்டலாம். எந்த மருந்தை ஏற்பது, எதை வேண்டாமென்பது என்று அவளன்றோ தீர்மானிக்க வேண்டும்? கட்சிக்காரரை வெளியே நிறுத்திவிட்டு அவர் வழக்கிற்குச் சமாதானம் பேசும் சட்டத்தரணியை நீங்கள் மன்னிப்பீர்களா?

தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் காணியை உயிரோடிருக்கையிற் கைமாற்றுவதாயின் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்கிறது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அவள் காணிக்கு அவன் சம்மதம் தேவை. அவள் நோய்பற்றிய தீர்மானத்திற்கு அவள் சம்மதம் தேவையில்லையோ?

கணவரை மட்டும் கூண்டிலேற்ற நான் வரவில்லை. ஆண்மகன் அழலாகாதென்று வளர்த்த சமூகம் இது. நோயாளிக்கு ஒரு கட்டிலாவது உண்டு; அவள் கணவன் இருந்து அழ ஒரு வாங்கேனும் உண்டா? "தைரியமாய் இரு" என்று கூறிவிட்டு உறவினர் தேநீர் அருந்திப் போய்விடுகின்றனர்.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து திரட்டிய நிதி, காங்கேசன்துறைக்கு அண்மையிலுள்ள தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு உதவியது. மகரகமையையே நாடவேண்டியிருந்த நிலை பலருக்கு மாறியது. மகிழ்ச்சியே! ஆனால் கட்டிடமும் மருந்தும் மனத்தைத் தொடா. நியூயோர்க்கின் மெமோரியல் சுலோன் கெற்றரிங் நிலையத்தில், புற்றுநோயாளரின் மனத்துயரைக் கவனிப்பதற்கென்றே ஜிம்மி ஹொலண்ட் அம்மையார் 1977இல் தனிச்சேவை தொடங்கினார். அரைநூற்றாண்டு ஆகப்போகிறது!

நோய் மீண்டதென அறிவிக்கும் நாளில் இருவரையும் ஒன்றாய் இருத்தி, அவள் விரும்புமளவு உண்மையைத் தமிழிலே எடுத்துரைத்து, அதன்பின்னும் வாரந்தோறும் துணைநிற்கும் உளவளத்துணையாளர் ஒவ்வொரு புற்றுநோய்ப் பிரிவிலும் நிரந்தரப் பதவியில் இருத்தல்வேண்டும். இது சுகாதார அமைச்சின் கடமை, சலுகையன்று. வாக்குக் கேட்டு வருவோரிடம் வீதி கேட்கிறோம், விளக்குக் கேட்கிறோம். அடுத்தமுறை வருவோரிடம் இதனையும் எழுத்திற் கேளுங்கள்.