முதல் கார்டும் தறிக்காரன் பாக்கியும்

"காலேஜ் சேர்ந்த கையோட ஒரு கிரெடிட் கார்டு வாங்கிடு, அப்பத்தான் ஸ்கோர் ஏறும்." இப்படி அறிவுரை சொல்ற நண்பர்கள் நம்ம வட்டத்துல ரொம்பப் பெருகிட்டாங்க. சொல்றவங்க எல்லாம் மாசச் சம்பளக்காரங்க. கேக்குறவன் அப்பா காசுல பஸ் ஏறுறவன். இந்த அறிவுரையில பாதி சரி, பாதி விஷம். திட்ட நினைக்கிறவங்க முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க :-)

போன வாரம் அக்கா பையன் இளம்பிள்ளையில இருந்து வந்தான். இன்ஜினியரிங் ரெண்டாவது வருசம். வீட்டுல ரெண்டு தறி ஓடுது, அதுதான் வருமானம்.

"மாமா, காலேஜ்கிட்ட டேபிள் போட்டு கார்டுக்கு ஆள் சேக்குறாங்க. பை ஒன்னு இலவசம். எனக்கு கிரெடிட் ஹிஸ்டரி இல்லையாம். ட்யூசன் எடுத்து சம்பாதிக்கிறதா எழுதிட்டா போதும், பாத்துக்கலாம்னாங்க."

இளம்பிள்ளைக்காரனுக்குக் கடன் வரலாறு இல்லையாம்! சிரிப்புத்தான் வந்துச்சு. எங்க ஊருல நூல் வாங்குறது கடன், நெஞ்ச சேலைய வியாபாரிக்குக் கொடுக்கிறது கடன், மளிகைக் கடையில நோட்டு, நடுவுல சீட்டு. யாரு சொன்ன தேதிக்குக் கொடுப்பான், யாரு தலைமறைவாவான்னு தெருவுக்கே தெரியும். ஆனா 2000-ல ஆரம்பிச்ச சிபிலுக்கு இது எதுவும் தெரியாது. வங்கியும் நிதி நிறுவனமும் அனுப்புற கணக்கு மட்டும்தான் அதுக்கு வரலாறு. அதை வெச்சுத்தான் 300-ல இருந்து 900 வரைக்கும் மார்க்.

அதனால மொதல்ல ஒன்னு சொல்லிடறேன். வரலாறு இல்லாதது களங்கம் இல்ல. அந்த ஒரே காரணத்துக்காக முதல் தடவை கடன் கேக்குறவங்களை நிராகரிக்காதீங்கன்னு ரிசர்வ் வங்கியே 2025 ஜனவரியில சொல்லியிருக்கு. உங்க பேர்ல கல்விக்கடன் இருந்தா அதுவே வரலாறுதான். அவசரம் உங்களுக்கு இல்ல, டேபிள் போட்டவருக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறித் தொழிலாளிக்கு முதலாளி தர்ற முன்பணத்துக்குப் பேரு 'பாக்கி'. சேரும்போதே கைநிறையக் கிடைக்கும். ஆனா அடைக்கிற அளவுக்குக் கூலியில மிஞ்சாது. வேற பட்டறைக்குப் போகணும்னா புது முதலாளி பழைய பாக்கிய அடைப்பார், தொழிலாளி இவருக்குக் கடன்காரன் ஆவான். ஆள் மாறும், பாக்கி மாறாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லயே வந்தாச்சு.

கார்டு ஸ்டேட்மென்ட்ல 'குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை'ன்னு ஒரு வரி இருக்கே, அதுதான் படிச்சவன் பாக்கி. கணக்குப் போடுவோம். நிலுவை 20,000 ரூபாய். வட்டி மாசம் 3.5 சதவீதம், குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம்னு வெச்சுக்குங்க. நீங்க கட்டுறது 1,000. அதுல வட்டி 700, வட்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் 126. அசல்ல குறையறது 174 ரூபாய். நூத்தி எழுபத்தி நாலு! இதுக்கு மேல புதுசா வாங்குற பொருளுக்கும் வட்டியில்லாத நாள் கிடையாது, வாங்குன அன்னிக்கே வட்டி ஓடும்.

நானும் இதுல விழுந்து எந்திரிச்சவன்தான். 2006-ல முதல் வேலை, முதல் கார்டு. எந்த வங்கின்னு வேண்டாம். பதினாலு மாசம் குறைந்தபட்சம் மட்டும் கட்டிட்டு, ஒழுங்கா கட்டுறதா நெனச்சுக்கிட்டிருந்தேன். கடைசில அம்மாவோட தோட்டை அடகு வெச்சுத்தான் கணக்கை முடிச்சேன்.

"மாசாமாசம் முழுசாக் கட்டிட்டா பிரச்சினையே இல்லையே"ன்னு கேப்பீங்க. வாஸ்தவம். ஆனா உங்களுக்கு ஒன்னாம் தேதி சம்பளம் வருது. தறி வீட்டுப் பையனுக்குக் காசு வர்ற தேதின்னு ஒன்னு இல்ல. சேலை வித்தாத்தான் காசு. தீபாவளிக்கு முன்ன வரும், மத்த மாசம் இழுக்கும். கார்டோட கடைசித் தேதிக்குச் சீசன் தெரியாது.

சட்டம் காப்பாத்துமா? கார்டு வட்டி 30 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல சொல்லுச்சு. 2024 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிருச்சு. அமெரிக்காவுல 21 வயசுக்குக் கீழ இருந்தா, தன்னால கட்ட முடியும்னு காட்டணும், இல்லேன்னா கூட ஒருத்தர் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடணும். காலேஜ்ல பொருள் கொடுத்து ஆள் புடிக்கவும் தடை. 2009-லயே சட்டம். இங்க பை இலவசம்!

அப்ப என்ன கார்டுதான் வாங்குறது? பையனுக்குச் சொன்னது இதுதான்:

1. வைப்புத் தொகையை அடமானமா வெச்சுத் தர்ற கார்டு. டெபாசிட்டுக்கு வட்டி வரும், அதுல ஒரு பங்குதான் உன் வரம்பு. வருமானச் சான்று பெரும்பாலும் கேக்க மாட்டாங்க, பொய் எழுதவும் வேண்டாம். கட்டலேன்னா போறது உன் டெபாசிட்தான், அம்மா தோடு இல்ல.

2. வருசக் கட்டணம் இருக்கக்கூடாது. ரிவார்டு பாயிண்ட், லவுஞ்ச் எல்லாம் பாக்காதே. நீ எந்த ஏர்போர்ட்டுக்குப் போற?

3. மாசம் ஒரே ஒரு செலவு, போன் ரீசார்ஜ் மாதிரி. முழுத் தொகையும் வங்கிக் கணக்குல இருந்து தானாப் போற மாதிரி வெச்சுடு. ஏடிஎம்ல கார்டைச் சொருகவே கூடாது, பணம் எடுத்த நிமிசத்துல இருந்து வட்டி.

4. அப்பா கார்டுல துணைக் கார்டு வாங்கலாம். ஆனா பொறுப்பு முழுக்க அப்பாவோடது, கணக்கும் அவர் பேர்லதான்.

5. கேக்காம கார்டு அனுப்பவே கூடாது. நீ மூடச் சொல்லி, நிலுவையும் இல்லாம, 7 வேலை நாள்ல மூடலேன்னா நாளுக்கு 500 ரூபாய் உனக்குத் தரணும். ரிசர்வ் வங்கியோட 2022 விதி. நாலு நிறுவனமும் வருசத்துக்கு ஒரு தடவை ரிப்போர்ட் இலவசமாத் தரணும், வாங்கிப் பாரு.

"டெபாசிட் போடக் காசு இல்லேன்னா மாமா?"

"அப்ப கார்டும் வேண்டாம் சாமி. வேலை கிடைக்கட்டும்."

மூஞ்சி சுருங்கிருச்சு. பரவால்ல, தோட்டை விட மூஞ்சி சுருங்குறது மலிவு.

டிஸ்கி: ஸ்கோர் நல்லதுதான், நான் எதிரி இல்ல. ஆனா 19 வயசுப் பையனுக்கு 'சீக்கிரம் வாங்கு'ன்னு சொல்றவங்க, 'குறைந்தபட்சம் மட்டும் கட்டாதே'ங்கறதையும் அதே வரியில சொல்லுங்க. அவ்வளவுதான் கேக்குறேன்.