பூட்டிய வீட்டில் தெரிந்தது

கொரோனாவால் 2020 ஏப்ரல் 4-ம் தேதி இரவு துபாய் முழுவதுமாக அடங்கியது. மார்ச் 26 முதல் இரவு 8 மணிக்குத் தொடங்கி விடிய 6 மணி வரை மட்டும் ஊரடங்கோடு நடந்துவந்த கிருமிநீக்கப் பணியை, இனி 24 மணி நேரமும் என்று நீட்டித்தார்கள். மெட்ரோ நின்றது. மளிகை வாங்க வேண்டுமென்றால்கூட இணையத்தில் விண்ணப்பித்து பர்மிட் வாங்கவேண்டும். அதுவும் வீட்டுக்கு ஒருவர்தான் போகலாம். வெளிநாட்டிலிருந்து பயணிகள் விமானம் வரக்கூடாது என்று மார்ச் 22-லேயே இந்தியா கதவடைத்திருந்தது. 25-ம் தேதி எமிரேட்ஸும் பயணிகள் சேவையை நிறுத்தியது. ஊருக்கும் வர முடியாது, தெருவுக்கும் இறங்க முடியாது.

அந்த நாட்களைப் பற்றிப் பேசினால், ஓர் அறையில் பலர் அடைந்து கிடந்த தொழிலாளர் முகாம்களைத்தான் முதலில் சொல்லவேண்டும். வேலை போய், கையில் காசில்லாமல், மே 7-ம் தேதி இந்திய அரசின் ‘வந்தே பாரத்’ மீட்பு விமானங்கள் கிளம்பும்வரை நாளெண்ணிக் காத்திருந்தவர்கள் அவர்கள். அவர்கள் பட்ட பாட்டோடு வைத்துப் பார்த்தால், துபாயின் குசைஸிலும் கராமாவிலும் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் குடும்பமாக இருந்தவர்களுக்கு என்ன குறை என்று தோன்றும். சோறு இருந்தது, ஏசி ஓடியது, பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். அதனாலேயே அந்த வீடுகளுக்குள் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. இந்த வாரம் அதைப் பற்றிப் பேசவேண்டும் என்று தோன்றுகிறது.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிப் போய் குசைஸில் குடியிருக்கும் வாசகி ஒருவர் நம்மிடம் நீண்டநேரம் பேசினார். எம்.எஸ்ஸி., பி.எட். படித்தவர்; இங்கே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். கணவர் கட்டுமான நிறுவனம் ஒன்றில் இன்ஜினீயர். ஊரடங்கில் ஹால் அவருக்கு ஆபீஸ் ஆனது. படுக்கையறை மகனுக்குப் பள்ளிக்கூடம் ஆனது. ஐக்கிய அரபு அமீரகத்தில் மார்ச் 8-ம் தேதியே பள்ளிகளை மூடிவிட்டார்கள். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஏப்ரலில்தான் கல்வியாண்டு தொடங்கும் என்பதால், அந்தப் பையன் இரண்டாம் வகுப்பு டீச்சரின் முகத்தை முதன்முதலாகப் பார்த்ததே திரையில்தான்.

“ஒன்பது மணிக்கு அவங்க மீட்டிங் ஆரம்பிச்சுடும். அதுக்கப்புறம் மிக்ஸி போட முடியாது, குக்கர் விசில் வரக் கூடாது. அஞ்சரை மணிக்கே எந்திரிச்சு சட்னி, சாம்பாருக்குப் பருப்பு, ராத்திரிக்கு மாவு எல்லாத்தையும் முடிச்சுடுவேன். நடுவுல ஒரு தம்ளர் கீழ விழுந்தாக்கூட நெஞ்சு பக்குங்கும்” என்றார். சத்தமில்லாமல் ஒரு குடும்பத்துக்கு மூன்று வேளை சமைப்பது எப்படி என்று அந்த மூன்று வாரங்களில் அவர் கற்றுக்கொண்டார். சப்பாத்திக் கட்டைக்கு அடியில் துண்டை மடித்துப் போட்டுத் தேய்ப்பாராம்.

அவர் சொன்னதில் நம் மனதைவிட்டு அகலாதது வேறொன்று. முழு ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஒரு மதியம் லேப்டாப்பை மூடிவிட்டு ஜன்னலோரம் நின்ற கணவர், எதிர்க் கட்டடத்தின் சுவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு திரும்பி, “நீ இத்தனை வருஷமா இப்படியேதான் இருந்தியா?” என்று கேட்டிருக்கிறார்.

காலை ஆறரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் இரவு எட்டுக்குத் திரும்புகிறவர் அவர். அப்போது வெள்ளிக்கிழமை ஒருநாள் விடுமுறை. அன்று காய்கறி, துணிமணி, கோயில் என்று ஓடிவிடும். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் பகல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. எத்தனை மணிக்கு வெயில் ஹாலுக்குள் வரும், அதன் பிறகு திரையை இழுத்துவிட்டு எத்தனை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள், மகன் எதைச் சாப்பிட அழுவான், ஊரிலிருக்கும் அம்மா ஓய்வாகப் பேசுகிற நேரம் எது? இதெல்லாம் அவர் அந்த நாட்களில்தான் பார்த்தார். ஊரடங்கு அவருக்குப் புதிது. அந்தப் பெண்ணுக்கு அது ஆறாவது வருடம்.

வளைகுடா நாடுகளுக்குக் கணவரின் விசாவில் போகும் ஆயிரமாயிரம் தமிழ்ப் பெண்களின் நிலைமை இதுதான். கணவரின் வேலைதான் அவர்களுடைய விசாவுக்கு வேர். அது போனால் குடும்பமே மூட்டை கட்டவேண்டியதுதான். அமீரகத்தில் கணவரின் விசாவில் இருப்பவர் முறைப்படி அனுமதி பெற்று வேலை பார்க்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால், மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் இல்லாத இடத்தில் பிள்ளையை யார் பார்ப்பது? ஆள் வைத்தால் சம்பளம் அதற்கே சரியாகிவிடும். அதனால் படித்த படிப்பு அலமாரிக்குள் போகிறது. கண்ணீர் சிந்தும் கதைகளாக இவை வெளியே வராது. “நல்லா இருக்கேம்மா” என்று வெள்ளிக்கிழமைதோறும் சொல்லப்படும் ஒற்றை வாக்கியத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

பணத்தின் கதை தனி. 2020 மார்ச் கடைசியில் அமீரகத்தின் மனிதவள அமைச்சகம் 279-ம் எண் தீர்மானத்தைக் கொண்டுவந்தது. ஊழியரின் சம்மதத்தோடு சம்பளத்தைத் தற்காலிகமாகக் குறைக்கலாம், சம்பளமில்லாத விடுப்பில் அனுப்பலாம் என்று அது தனியார் நிறுவனங்களுக்கு வழிவிட்டது. அந்நாட்டுக் குடிமக்களுக்கு அது பொருந்தாது. வெளிநாட்டு ஊழியர்களுக்கு மட்டும்தான். சம்மதிக்க மாட்டேன் என்று சொல்லும் நிலையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அங்கே வீட்டு வாடகைக்கு பின்தேதியிட்ட காசோலைகளை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடுவது வழக்கம். காசோலை திரும்பினால் விஷயம் காவல் நிலையம் வரை போகும் என்ற காலம் அது. சம்பளம் பாதியான செய்தியை மனைவியிடம் சொல்லாமல் மறைத்த கணவர்கள் நிறைய. ஒரே கூரைக்கு அடியில் இருபத்துநான்கு மணி நேரமும் இருந்துகொண்டு ஒரு கவலையை மறைப்பது சாமானியமா? நம் வாசகியின் கணவராலும் நான்கு நாள்தான் முடிந்தது. ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறைக்கலாமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டபோதே இவருக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு இருவரும் ஒரு நோட்டை எடுத்துவைத்துச் செலவுக் கணக்கு எழுதினார்களாம். கல்யாணமாகி ஏழு வருடத்தில், வருமானம் இவ்வளவு என்று அவர் எண்ணைச் சொல்லிப் பேசியது அன்றுதான்.

அந்த ஊரடங்கு மாதத்திலேயே வாசகியின் மாமனார் மன்னார்குடியில் காலமானார். தொற்றால் அல்ல, மாரடைப்பு. அமீரகத்தில் அப்போது வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், பேச முடியாது. அவர்கள் மாதச் சந்தா கட்டி ‘போட்டிம்’ செயலியில் பேசிவந்தார்கள். தலையணையில் போனைச் சாய்த்துவைத்து, கட்டிலில் அருகருகே உட்கார்ந்து, தம்பி அங்கே பிடித்த கேமராவில் அப்பாவைப் பார்த்தார் மூத்த மகன். கொள்ளி வைக்கவேண்டியவர் அவர். படம் அடிக்கடி உறைந்து நின்றது. ஒப்பாரி மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. எடுத்துப் போன பிறகு இருவரும் ஒருவர்பின் ஒருவராகக் குளியலறைக்குப் போய்த் தலைமுழுகினார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டோம்; சொந்தபந்தம் சோறு கொண்டுவரும். அங்கே யார் கொண்டுவருவார்கள்? எதிர்வீட்டு மலையாளக் குடும்பம் கஞ்சியும் பயறும் தூக்குப் பாத்திரத்தில் வைத்து, மணியடித்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றதாம். ஐந்து வருடமாக எதிரெதிரே இருந்த வீடுகள். அதுவரை லிஃப்ட்டில் சிரித்துக்கொள்வதோடு சரி.

எல்லா வீட்டிலும் ஜன்னலோரம் நின்று யோசித்த கணவர் இருக்கவில்லை. ஊரடங்குகளால் உலகெங்கும் வீட்டுக்குள் பெண்கள்மீது வன்முறை கூடுகிறது என்று அந்த ஏப்ரலிலேயே ஐ.நா. பொதுச்செயலாளர் அந்தோனியோ குட்டரெஸ் எச்சரித்தார். ஊரில் அடி வாங்கினால் அம்மா வீட்டுக்காவது பஸ் ஏறலாம். விமானமும் இல்லாமல், விசாவும் அடித்தவர் கையிலேயே இருந்தால் அந்தப் பெண் எங்கே போவாள்? ஜனவரி 12-ம் தேதியை அயலகத் தமிழர் தினமாகத் தமிழக அரசு கொண்டாடுகிறது, நல்ல காரியம். சம்பாதிக்கப் போனவர்களைப் போலவே, அவர்களோடு போன பெண்களும் அந்த அரங்கில் பேசவேண்டும். அவர்கள் அவசரத்துக்கு அழைத்தால் தமிழில் பேச ஆள் இருக்கவேண்டும். கேரளம் ‘நோர்க்கா’ என்று வெளிநாட்டு மலையாளிகளுக்காகத் தனித் துறை தொடங்கியது 1996-ல். நாம் தாமதமாகத் தொடங்கியிருக்கிறோம், விரைந்து நடக்கவேண்டும்.

அந்தத் தம்பதி இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டோம். கணவர் ஆபீஸுக்குப் போகிறார். அதே ஆறரை, அதே எட்டு. ஆனால், விடுமுறை நாளில் சமையலும் பிள்ளையும் அவர் பொறுப்பு. அந்த அம்மாள் டீச்சர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். அங்கேதான் சிக்கல். இந்தியப் பட்டத்தை அமீரகம் ஏற்கவேண்டுமென்றால், மாநில அரசு, நம் வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று இந்தியாவிலேயே மூன்று இடத்தில் சான்றொப்பம் வேண்டும். கல்யாணமாகிப் போகும்போது அது தேவைப்படும் என்று யாரும் யோசிக்கவில்லை. மூலச் சான்றிதழ்களை இப்போது ஊருக்கு அனுப்பிவைத்திருக்கிறார்; அவருடைய வயதான அப்பா அலுவலகம் அலுவலகமாக அலைந்துகொண்டிருக்கிறார்.

வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கப்போகும் பெற்றோர்களே, மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்கும்போதே, உங்கள் மகள் அங்கே தன் படிப்பை வைத்து வேலை பார்க்க என்ன வழி என்பதையும் விசாரியுங்கள். மாப்பிள்ளை வீட்டாரும் அதைத் தாங்களாகவே சொல்லவேண்டும். நகையும் பட்டும் வாங்க அலையும் அதே மாதத்தில், பெண்ணின் பட்டச் சான்றிதழ்களுக்குச் சான்றொப்பம் வாங்கும் வேலையையும் இங்கேயே முடித்து அனுப்புங்கள்.

- ஆசிரியர்