மலையில் கண்டதை அடிவாரத்துக்கும் சொல்லுங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவிலிருந்து 2017இல் ஒரு புதிய தவளை இனம் அறிவியல் உலகத்துக்கு அறிமுகமானது. ஊதா நிறம், உப்பிய உடல், பன்றிக்கு இருப்பதுபோல் முன்னே நீண்ட மூக்கு. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கரையான் தின்று கழித்துவிட்டு, மழைக்காலத்தில் இணைசேர மட்டும் மேலே வரும் உயிர் அது. கண்டறியப்பட்ட இடம், ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயத்தை ஒட்டிய மலைப்பகுதி. ஜெகத் ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள் அதை விவரித்து ‘நாசிகபட்ராகஸ் பூபதி’ என்று பெயரிட்டார்கள். பூபதி, கோவை சாலிம் அலி மையத்தில் பணியாற்றிய ஊர்வன ஆய்வாளர். 2014 ஏப்ரலில் அகத்தியமலையில் கள ஆய்வின்போது நேர்ந்த விபத்தில் உயிரிழந்தவர்.

இந்தத் தவளையின் உறவுக்கதை சாதாரணமானதல்ல. இதன் மூத்த சகோதர இனம் 2003இல் கேரளத்தின் இடுக்கியிலிருந்து விவரிக்கப்பட்டது. அதற்கு மிக நெருங்கிய உறவினர்கள் யார் என்று மரபணுக்களை ஒப்பிட்டுத் தேடியபோது, விடை இந்தியாவிலேயே கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், இந்தியப் பெருங்கடலுக்கு நடுவே உள்ள சீஷெல்ஸ் தீவுகளின் சின்னஞ்சிறு தவளைகள்தான் அந்த உறவினர்கள். கடல் நீரில் நீந்தித் தவளை அவ்வளவு தூரம் போக முடியாது. இந்தியாவும் சீஷெல்ஸும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்தில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இவற்றின் முன்னோர் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். நிலம் பிளந்து நகர்ந்தது; தவளைகள் அதனதன் துண்டில் தங்கிவிட்டன.

சரி, கேரளத்துத் தவளையும் நம் பக்கத்துத் தவளையும் ஏன் இரண்டாயின? உருவம், குரல், மரபணு மூன்றிலும் வேறுபாடு இருப்பதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்னொன்றையும் சுட்டினார்கள்: மேற்கே உள்ளது தென்மேற்குப் பருவமழையை ஒட்டி இணைசேர்கிறது, கிழக்கே உள்ளது வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்க்கிறது. மலையடிவாரத்து வத்திராயிருப்பு விவசாயிக்கு இதைவிடத் தெளிவாகப் பரிணாமத்தை விளக்க முடியாது. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள் எந்த மழையில் நிரம்பும் என்று அவருக்குத் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் ஜூனில் கொட்டும்போது இந்தப் பக்கம் காற்று மட்டும் வீசும் என்பதும் தெரியும். ஒரே மலையின் இரு சரிவுகளில் மழை வெவ்வேறு மாதத்தில் பெய்கிறது. அந்த மழைக்காகக் காத்திருக்கும் உயிர்கள் ஒன்றையொன்று சந்திக்கவே முடியாமல் போகிறது. சந்திக்காதவை காலப்போக்கில் வேறாகின்றன. பாடப்புத்தகத்தில் கலாபகோஸ் தீவுக் குருவிகளை வைத்துச் சொல்லப்படும் அதே கருத்துக்கு, நம் ஊர் மழையை வைத்தே உதாரணம் சொல்லலாம்.

ஆனால், அந்த உதாரணம் நம் ஊருக்கு வந்து சேரவில்லை. கட்டுரை ஆங்கிலத்தில், இருவாழ்விகளுக்கான ஒரு சர்வதேச ஆய்விதழில் வெளியானது. உலக ஊடகங்கள் எழுதின. ஆய்வாளர்களுக்குள் செய்தி ஒரே நாளில் பரவியிருக்கும். அவர்களது வட்டத்தில் புதிய முடிவுகள், காலிப் பணியிடங்கள், பயிற்சி முகாம்கள், ஆய்வு உதவித்தொகைகள் எல்லாமே அப்படித்தான் கண்டம் விட்டுக் கண்டம் கைமாறுகின்றன. அந்தக் கைமாற்றத்தின் கடைசி ஆள் பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ நின்றுவிடுகிறார். அணிலும் தவளையும் வாழும் மலைக்குக் கீழே, வத்திராயிருப்பிலும் கூமாப்பட்டியிலும் படிக்கும் பிள்ளைக்கு அது எட்டுவதில்லை. இதை ஆய்வாளர்களின் அலட்சியம் என்று நான் சொல்லவில்லை. ஆங்கில ஆய்விதழில் கட்டுரை வந்தால் பதவி உயர்வுக்கு மதிப்பெண். தமிழில் நான்கு பக்கம் எழுதினால் அதற்கு எந்தக் கணக்கும் இல்லை. அமைப்பு அப்படி இருக்கிறது. அமைப்பை மாற்றச் சொல்லிக் கேட்பதுதான் நியாயம்.

கண்டதைக் கொண்டுசேர்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பரிணாம அறிவியலின் வரலாறே சாட்சி. இந்தோனேசியத் தீவுகளில் காய்ச்சலோடு கிடந்த வாலஸ் தன் கருத்தை டார்வினுக்குக் கடிதமாக அனுப்பினார். அதன் விளைவாக, 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் கழகத்தில் இருவர் எழுத்தும் ஒன்றாக வாசிக்கப்பட்டன. ஒரு கடிதம் சேரவேண்டிய கைக்குச் சேர்ந்ததால் நடந்தது அது. மறுபக்கம் மெண்டல். பட்டாணிச் செடிகளை வைத்து மரபின் விதிகளைக் கண்டு 1866இல் அச்சிட்டார். அச்சிட்டதோடு சரி, 1900இல் மூன்று பேர் தனித்தனியே அதே விதிகளை எட்டிய பிறகுதான் அவருடைய எழுத்தின் அருமை தெரிந்தது. அப்போது அவர் இறந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. வெளியிடுவது வேறு, கொண்டுசேர்ப்பது வேறு என்று இந்தத் துறைக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொண்டுசேர்க்காததன் விலையை நாம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 2018 ஜனவரியில் அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டு இணை அமைச்சர் சத்யபால் சிங், டார்வினின் கோட்பாடு அறிவியல்ரீதியாகத் தவறு, அதைப் பாடத்திலிருந்து நீக்க வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து மறுப்பு அறிக்கை வெளியிட்டன. ஐந்தாண்டுகளில் விஷயம் வேறு வடிவில் வந்தது. கொரோனா காலச் சுமைக் குறைப்பு என்ற பெயரில் என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபும் பரிணாமமும்’ என்ற பாடம் ‘மரபு’ என்று சுருங்கியது. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பாடம் இருக்கிறதே என்று பதில் வந்தது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு உயிரியலை எடுக்காத பிள்ளைகள்தான் நாட்டில் அதிகம். வணிகவியல் படிப்பவரும் பாலிடெக்னிக் போகிறவரும் படிப்பை நிறுத்துகிறவரும் பரிணாமத்தைப் பற்றி ஒரு வரியும் படிக்காமலேயே பெரியவர்களாகிவிடலாம் என்பதுதான் அந்தப் பதிலின் பொருள்.

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு நூலில் உயிரின் தோற்றத்தையும் பரிணாமத்தையும் பற்றிய பாடம் இருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால், இருக்கிற பாடத்தைக் காப்பாற்ற நாளை ஒரு தேவை வந்தால் யார் எழுந்து நிற்பார்கள்? 1,800 கையெழுத்துகளில் அடிவாரத்துக் குரல் எத்தனை இருந்திருக்கும்? ஆய்வாளர்களின் சமூக அக்கறை உண்மையானது. அதில் எனக்கு ஐயமில்லை. தங்கள் ஆய்வால் எந்த மக்களின் மலை உலகப் புகழ் பெற்றதோ, அந்த மக்களோடு முன்பே பேசியிருந்தால், பாடம் நீக்கப்பட்டபோது அந்தக் கடிதத்துக்குப் பின்னால் ஊரே நின்றிருக்கும்.

தமிழில் ஒரு புத்தகம் என்ன செய்யும் என்பதற்கு ஏ.ஜே.டி. ஜான்சிங் உதாரணம். நாங்குநேரிக்காரர். சிறுவயதில் ஜிம் கார்பெட்டின் வேட்டைக் கதைகளைத் தமிழ் மொழிபெயர்ப்பில் படித்ததுதான் தன்னைக் காட்டுக்கு இழுத்தது என்று சொல்லியிருக்கிறார். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தார். அங்கிருந்து பந்திப்பூர் போய்ச் செந்நாய்களை ஆராய்ந்து, பிறகு டேராடூன் இந்திய வனவுயிர் நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கினார். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையின் சாம்பல் நிற அணில்களைப் பற்றிய தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று அவரும் ஜே. ஜோஷுவாவும் செய்தது. 2024 ஜூனில் அவர் மறைந்தார். இந்த மாவட்டத்துக் கல்லூரியொன்றின் விலங்கியல் வகுப்பறையிலிருந்து அப்படி ஒருவர் கிளம்ப முடிந்தது என்றால், இன்றும் முடியும். அதற்கு முதலில் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில், தேர்வாகும் கல்லூரி மாணவர் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் உதவித்தொகையோடு வேலை செய்யலாம்; ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ விலங்கியல் படிக்கும் மாணவி எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும், ஆய்வு ஆர்வத்தைப் பற்றி எழுதச் சொல்லும் பத்தியில் என்ன எழுத வேண்டும் என்று யார் அவளுக்குச் சொல்வது? பெருநகரக் கல்லூரியில் இதைச் சொல்ல மூத்த மாணவர்கள் இருக்கிறார்கள். இங்கே முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த மூத்தவர் இல்லை. பரிணாமத்தைப் படிக்கப் பெரும் பணம் தேவை என்ற அச்சமும் பலருக்கு இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் ராகவேந்திர கதக்கர் தன் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கட்டடங்களில் கூடு கட்டும் சாதாரணக் குளவிகளைக் கவனிப்பதில் செலவிட்டார். மிகக் குறைந்த செலவில் முன்னணி ஆய்வு செய்ய முடியும் என்பதை ஒரு புத்தகமாகவே எழுதினார். குளவிக் கூடு இல்லாத வீடு வத்திராயிருப்பில் உண்டா?

எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. சீனாவில் 1999இல் ஒரு பல்லி இனம் விவரிக்கப்பட்டது. கட்டுரையில் கொடுக்கப்பட்ட இடத்தைப் பார்த்து வந்த வளர்ப்புப் பிராணி வியாபாரிகள், அந்த இடத்தில் ஒன்றுகூட மிஞ்சாமல் பிடித்துத் தீர்த்தார்கள். ஆகவே ஓடையின் பெயரும் பாறையின் அடையாளமும் மறைந்தே இருக்கட்டும். உயிரின் கதையைச் சொல்ல அவை தேவையில்லை.

இன்னொரு பகிர்வு எதிர்த்திசையில் நடக்க வேண்டும். செண்பகத்தோப்பிலும் மலையடிவாரக் குடியிருப்புகளிலும் வாழும் பளியர்களின் துணையில்லாமல் இந்தக் காட்டில் ஆய்வு செய்வது கடினம். எந்த மரத்தில் அணில் கூடு வைக்கும், எந்த மழைக்குப் பிறகு எந்த ஓடையில் குரல் கேட்கும் என்பது அவர்கள் அறிவு. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், உள்ளாட்சி அளவில் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பதிவேடு எழுதச் சொல்கிறது; அந்த அறிவால் வரும் பயனை அவர்களோடு பகிரவும் சொல்கிறது. கட்டுரையின் கடைசியில் ‘களப் பணியாளர்களுக்கு நன்றி’ என்று பெயரில்லாமல் ஒரு வரி போடுவது போதாது. அவர்கள் விரும்பினால் பெயரோடு, தகுதி இருந்தால் இணை ஆசிரியராக அவர்கள் இடம்பெற வேண்டும்.

2021 பிப்ரவரியில் இந்த மலைகள் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாக, நாட்டின் 51ஆவது காப்பகமாக அறிவிக்கப்பட்டன. இனி ஆய்வாளர்கள் இன்னும் அதிகமாக வருவார்கள். அனுமதி தருவது வனத்துறை. அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை சேர்ப்பது கடினமல்ல: ஆய்வு முடிந்ததும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் தர வேண்டும், அருகிலுள்ள ஓர் அரசுப் பள்ளியில் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். அந்தச் சுருக்கங்களை வட்டாரப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்புவதை மாவட்டக் கல்வி நிர்வாகம் ஏற்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் தமிழில் எழுதியதற்கும் பதவி உயர்வில் மதிப்பெண் தர வேண்டும். இவற்றில் முதல் வேலைக்குப் புதிய சட்டமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். அடுத்த அனுமதிக் கடிதத்திலேயே தொடங்கலாம். வனத்துறை அதைச் செய்ய வேண்டும்.