பதினோராவது தூது

ஐந்து பாடப்புத்தகங்களை அடுக்கி, மேலே ஒரு ஜாமெட்ரி பாக்ஸை நிமிர்த்தி வைத்து, அதில் போனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் கரும்பலகையின் முக்கால் பாகம் கேமராவுக்குள் அடங்கும். ஆறு புத்தகம் வைத்தால் டியூப்லைட் வெளிச்சம் பலகையில் பட்டுக் கூசும். நான்கு வைத்தால் முன்பெஞ்சுப் பிள்ளைகளின் பின்னந்தலைதான் தெரியும். 2021 செப்டம்பரில் இரண்டு வாரம் தடுமாறி இந்தக் கணக்கைப் பிடித்தேன். போன வாரம் எங்கள் பள்ளியில் புதிதாக ஆசிரியையாகச் சேர்ந்திருக்கும் தங்கச்சி ஒருத்தி வந்து நின்றபோது அவளுக்கு முதலில் சொன்னதும் இதைத்தான்.

பாளையங்கோட்டையில் மழை பிடித்துக்கொண்டது. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்து போனதிலிருந்து, லீவு விடாத நாளிலும், வானம் இருட்டினாலே கீழநத்தம், சீவலப்பேரிப் பக்கத்துப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறார்கள். அந்தத் தண்ணீரைப் பார்த்தவர்கள் யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. "வராதவங்களுக்கு போன்ல காட்டிருங்க" என்று ஆபீசிலிருந்து சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அன்று 22 பேர் வகுப்பில், 17 பேர் வீட்டில். மூன்றாவது பீரியட் முடிந்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்தவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கண்ணும் கலங்கியிருந்தது. "அக்கா, நீங்கல்லாம் கொரோனா நேரத்துல மாசக்கணக்கா இப்படி எடுத்தீங்களே, எப்படிக்கா? இதுக்குன்னு எதுவும் ஆப் இருக்கா?"

ஆப் எதுவும் என்னிடம் இல்லை. இருந்தவை எல்லாம் சின்னச் சின்ன சமாளிப்புகள். அன்று டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அவளிடம் பேசியதை வீட்டுக்கு வந்த பிறகும் நினைத்துக்கொண்டே இருந்தேன். யாரும் எழுதி வைக்கவில்லையே என்று தோன்றியது. எழுதுகிறேன்.

2021 செப்டம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளைத் திறந்தார்கள். ஓர் அறையில் 20 பேர்தான் உட்காரலாம். பள்ளிக்கு வந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வீட்டிலிருந்தே படிக்க நினைப்பவர்களுக்கு ஆன்லைன் வகுப்பும் தொடரவேண்டும். அந்த நேரத்துக்கு நியாயமான ஏற்பாடு அது. என் ஒன்பதாம் வகுப்பில் 43 பேர். 20 பேர் எதிரில், மீதிப் பேர் போனுக்குள். மறுநாள் முறை மாறும்.

இந்த இரட்டை வகுப்பு முறைக்குப் பெயர் வைத்து வளர்த்தவர் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரையன் பீட்டி. 2006 வாக்கில் தொடங்கியது. அவர் அதைச் செய்தது முதுகலை மாணவர்களுக்காக; நேரில் வருவதா, கணினி வழியாகவா என்று தாங்களே முடிவெடுக்கத் தெரிந்த பெரியவர்களுக்காக. நமக்கு வந்து சேர்ந்தபோது அது பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் வந்தது. அம்மா வயல் வேலைக்குப் போகும்போது போனும் அம்மாவோடு போய்விடுகிற வீடுகளுக்கு வந்தது.

முதலில் போனது தொண்டை. முகத்தில் மாஸ்க், காதில் இயர்போன், தலைக்கு மேல் கடகடவென்று மின்விசிறி. சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதர்கள் தம்மையறியாமலே குரலை உயர்த்திவிடுவார்கள் என்று எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இலேயே கண்டு சொல்லியிருக்கிறார். அந்தச் சத்தம் இயர்போன் வழியாகக் காதுக்குள் வந்தாலும் அதேதான் நடக்கும். நம் குரல் நமக்குச் சரியாகக் கேட்காததால் கத்துவோம். அது தெரியாமல், பின்பெஞ்சுக்கும் கேட்கவேண்டும், சீவலப்பேரிக்கும் கேட்கவேண்டும் என்று ஒரு வாரம் கத்தினேன். வெள்ளிக்கிழமை வீட்டில் காபி வேண்டுமா என்று கேட்டதற்குக் கையால்தான் பதில் சொல்ல முடிந்தது.

150 ரூபாய்க்கு ஒரு காலர் மைக் வாங்கினேன். மின்விசிறிக் காற்று அதில் புயல்போல இரையும் என்பதால் மைக்கின் தலையில் கொஞ்சம் பஞ்சு சுற்றினேன். ஒரு காதில் மட்டும் இயர்போன். இன்னொரு காது வகுப்புக்கு. இவ்வளவுதான் செய்தது. அடுத்த திங்கட்கிழமை பேசும் குரலிலேயே பாடம் நடத்தினேன். ஒரு பீரியடுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் வராந்தாவின் ஓரத்துக்குப் போய் மாஸ்க்கை இறக்கி ஒரு துண்டு பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொள்வேன். அது கரையும் வரை யாரிடமும் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். தொண்டைக்கு நல்லது செய்தது கற்கண்டா, அந்த மூன்று நிமிட மௌனமா என்று பிரித்துப் பார்க்க நான் முயலவில்லை. அந்தத் தங்கச்சியின் கையில் நான் முதலில் வைத்ததும் ஒரு பொட்டலம் பனங்கற்கண்டுதான்.

எங்கள் கணக்கு டீச்சர் உடன்குடிக் கருப்பட்டி போட்ட சுக்கு காபியைப் பிளாஸ்கில் கொண்டுவருவார். பதினொரு மணி இடைவேளையில் ஆளுக்கு அரை டம்ளர், ஆளுக்கு ஒரு ஜன்னல். தள்ளித் தள்ளி நின்று குடிப்போம். அந்தப் பத்து நிமிஷத்தில் நெட்வொர்க், லிங்க், அட்டெண்டன்ஸ் என்ற பேச்சை யாரும் எடுக்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதை முழுவதையும் நான் கேட்டது அந்த ஜன்னல்களில்தான்.

தமிழ் நடத்துகிறவளுக்கு மாஸ்க்கினால் இன்னொரு கஷ்டமும் உண்டு. லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காதால் மட்டும் கற்றுக்கொடுக்க முடியாது. நாக்கு எங்கே மடங்குகிறது என்று பிள்ளைகள் வாயைப் பார்த்தாக வேண்டும். மாஸ்க் வாயை மறைப்பதோடு குரலின் கூர்மையையும் அமுக்கிவிடும். பத்து முறை சொன்னாலும் 'பழம்' அவர்கள் காதில் 'பளம்' என்றுதான் விழுந்தது. ஒருநாள் இரவு அடுப்படியில் நின்று, மாஸ்க் இல்லாமல், இரண்டு நிமிஷ வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பின்னால் குக்கர் விசில் கேட்கும். மறுநாள் பள்ளிக்கு வந்த பிள்ளை ஒருத்தி, "மிஸ், நீங்க சிரிச்சா கன்னத்துல குழி விழுமா!" என்றாள். செப்டம்பரில் இருந்து எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் அதுவரை என் முகத்தைப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட நிறைவைச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. அந்த வீடியோவை இன்னும் அழிக்கவில்லை.

போன் திரையின் மூலையில் நம் முகமே நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது இன்னொரு தொல்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021 பிப்ரவரியில் எழுதிய கட்டுரையில், வீடியோ கூட்டங்களில் வரும் அசதிக்கு நான்கு காரணங்களைச் சொன்னார். தன் முகத்தைத் தானே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது அவற்றில் ஒன்று. கட்டிப்போட்டதுபோல ஒரே இடத்தில் இருக்க நேர்வது இன்னொன்று. முதலாவதற்கு நான் ஸ்டிக்கர் பொட்டு அட்டையில் ஒரு துண்டு வெட்டித் திரையின் மூலையில் ஒட்டினேன். என் முகம் மறைந்தது. பிள்ளைகளின் கட்டங்கள் மட்டும் தெரிந்தன. பாதிக்கு மேல் கறுப்புக் கட்டங்கள்தான். டேட்டா தீர்ந்துவிடும் என்று கேமராவை அணைத்து வைத்திருப்பார்கள். இருந்தாலும் என்னைப் பார்ப்பதைவிட அவர்களுடைய பெயர்களைப் பார்ப்பது எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

இனி ஸ்டூல். இதைப்பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு வகுப்பில் நிற்பது நடப்பதோடு சேர்ந்தது. பெஞ்சுகளுக்கு நடுவே போவோம், நோட்டைப் பார்ப்போம், சுவரில் சாய்வோம். கேமரா வந்ததும் ஒரு சதுர அடியில் நிற்கவேண்டியதாயிற்று. இந்தப் பக்கம் நகர்ந்தால் வீட்டிலிருப்பவர்களுக்குக் காணாமல் போவோம். மைக் வயர் வேறு, கன்றைக் கட்டிய கயிறு மாதிரி. மூன்றாவது பீரியடுக்குள் குதிகால் கடுக்கும். அதே 2021 செப்டம்பரில், 6-ஆம் தேதி, தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு மசோதா வைத்தார்கள். 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, துணிக்கடை, நகைக்கடை போன்ற இடங்களில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை தரவேண்டும் என்றது அது. கேரளத்தில் 2018-இலேயே வந்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது மனம் குளிர்ந்தது. டவுனில் சேலை எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகளின் வீங்கிய கால்களைப் பார்த்திருக்கிறேன். அதே வேளையில், எங்கள் கால்களைப்பற்றி யாரும் கேட்டதாக நினைவில்லை. எல்லோருக்கும் போன் இருக்கிறதா, நெட் இருக்கிறதா என்று படிவம் படிவமாக நிரப்பச் சொன்னார்கள். உட்கார ஏதாவது இருக்கிறதா என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் வரவில்லை.

சயின்ஸ் லேபில் மூலையில் கிடந்த உயரமான மர ஸ்டூலை நானே தூக்கிக்கொண்டு வந்தேன். அதில் உட்கார்ந்தால் முகம் சரியாகக் கேமராவுக்கு நேரே வரும், பிள்ளைகளையும் பார்க்கலாம். உட்கார்ந்து நடத்தினால் சோம்பேறித்தனம் என்ற பேச்சு வந்தது. வரட்டும் என்று விட்டேன். உட்கார்ந்த நாளில் என் பாடம் நன்றாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

இவை எல்லாம் உடம்புக்கு. மனசுக்கான ஆறுதல் ஒரு பிள்ளையிடமிருந்து வந்தது.

எதிரில் இருப்பவர்களைப் பார்த்தால் போனை மறந்துவிடுவேன். போனைப் பார்த்தால் வகுப்பு சலசலக்கும். வீட்டிலிருந்து யாரோ கேள்வி கேட்டு, அது சாட்டில் ஐந்து நிமிஷமாகக் கிடந்திருக்கும். பீரியட் முடிந்து பார்க்கும்போது 'மிஸ் கேக்கல', 'மிஸ் கேக்கல' என்று வரிசையாக இருக்கும். அதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். கேட்காமலேயே ஒரு மணி நேரம் அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்திருக்கிறதே என்று இரவெல்லாம் உறுத்தும். ஒருநாள் முன்பெஞ்சில் இருந்தவள் எழுந்து, "மிஸ், போனை எங்கிட்ட திருப்பி வைங்க, அவ என்ன கேக்கான்னு நான் சொல்லுதேன்" என்றாள். என் பழைய போனில் மீட்டிங்கைத் திறந்து, சத்தத்தை அணைத்து அவளிடம் கொடுத்தேன். அன்று முதல் சாட்டில் வருவதை அவள் வாசித்துச் சொல்வாள். "மிஸ், முன்னீர்பள்ளத்துல கரண்டு போயிட்டாம்." "மிஸ், அந்த ரெண்டாவது வரியை இன்னொரு தடவ கேக்கா." சிலசமயம், "மிஸ், அவ இன்னும் சாப்பிடலையாம், போய்ச் சாப்பிட்டுட்டு வரட்டுமா?"

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் முதல் இயலிலேயே தமிழ்விடு தூது வருகிறது. தூதுக்கு உரிய பொருள்கள் பத்து என்று முன்பே நடத்தியிருந்தேன்: அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. பிள்ளைகளே அந்த வேலைக்குத் 'தூது' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னைக்கு யாருலா தூது?" என்று காலையில் சண்டை. தினம் ஒருத்தி என்று முறை போட்டேன். நேற்று வீட்டிலிருந்து கேள்வி அனுப்பியவள் இன்று வகுப்பில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்வாள். அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியுமல்லவா. எனக்கு இரண்டு வகுப்பு நடத்துகிற பாரம் அன்றோடு இறங்கியது. மறுபடி ஒரே வகுப்பு, கொஞ்சம் நீளமான வகுப்பு, கடைசி பெஞ்சு முன்னீர்பள்ளத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கடைசி வரை சரியாகவில்லை. மனப்பாடப் பகுதியை எல்லோரும் சேர்ந்து சொல்வது. இங்கே 20 பேர் சொல்ல, அங்கே இருப்பவர்களின் குரல் அரை நொடி தாமதித்து வரும். இரண்டு குரல் ஒன்றாக வந்தால் ஒன்றை அமுக்கி இன்னொன்றைத்தான் மீட்டிங் கேட்கவிடும். சேர்ந்து சொல்லும் சத்தத்தில்தான் பாட்டு பிள்ளைகளுக்குள் இறங்கும் என்று நம்புகிறவள் நான். வேறு வழியில்லாமல், வீட்டிலிருப்பவர்கள் மைக்கை அணைத்துவிட்டு எங்களோடு சேர்ந்து சொல்லட்டும் என்றேன். சொல்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் இரவு ஒரு பாட்டியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "டீச்சரம்மா, பிள்ள தெனமும் சொல்லிச் சொல்லி எனக்கே பாதி பாட்டு வந்துட்டு" என்று சொல்லிவிட்டு, இரண்டு வரி சொல்லியும் காட்டினார்கள். எட்டு மணிக்கு மேல் போனை அரிசி டிரம் மேல் வைத்துவிட்டால் காலைவரை எடுப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். அதுவும் நல்ல ஆறுதல்தான். அந்த ஒரு நாள் மட்டும் எடுத்தேன், எடுத்ததில் வருத்தமில்லை.

தங்கச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலை லேபிலிருந்து ஸ்டூலை நானே அவள் வகுப்பில் கொண்டுபோய்ப் போட்டேன். மழை விட்டபாடில்லை. நான்காவது பீரியடில் அந்த வராந்தா வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். புத்தக அடுக்கு ஐந்துதான். வகுப்பு ஏதோ கேள்விக்குப் பதில் யோசித்து அமைதியாக இருந்தது. ஓட்டின்மேல் மழை மட்டும் இரைந்தது. முன்பெஞ்சில் ஒரு சிறுமி கையில் போனை வைத்துக் குனிந்திருந்தவள், சட்டென்று நிமிர்ந்து சொன்னாள்:

"மிஸ், அங்கயும் இதே சத்தந்தான் கேக்காம்."