பன்னீர் திராட்சை: பெயருக்குப் பாதுகாப்பு வந்தாச்சு, கொடிக்கு?

சாத்தூர் பக்கம் வேலியோரம் படரும் பிரண்டையும், சிவகாசி கடைகளில் விற்கும் பன்னீர் திராட்சையும் ஒரே குடும்பம் என்றால் நம்புவீர்களா? தாவரவியல் கணக்கில் இரண்டும் திராட்சைக் குடும்பம்தான். பற்றிப் படரும் சுருள் கம்பியைப் பார்த்தாலே ஜாடை தெரியும். ஆனால் உறவு ரொம்ப தூரம்.

எங்கிருந்து வந்தது?

3,500-க்கும் மேற்பட்ட கொடிகளின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2023-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பு மேற்காசியாவிலும் தெற்குக் காகசஸிலும் தனித்தனியாகக் காட்டுத் திராட்சை வளர்ப்புப் பயிரானது என்கிறது அது. காட்டில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. இரண்டும் ஒரே பூவில் அமைந்த கொடிகளை மனிதர்கள் பொறுக்கி எடுத்தார்கள். நல்லா காய்க்கும் கொடியின் குச்சியை வெட்டி நட்டார்கள். விதை போட்டால் குணம் மாறும்; குச்சி நட்டால் மாறாது.

கம்பத்தில் என்ன சிக்கல்?

திருவில்லிபுத்தூர் மலைக்கு அந்தப் பக்கம், கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீரின் உலகப் பெயர் 'மஸ்கட் ஹாம்பர்க்'. ஐரோப்பாவின் இரண்டு பழைய ரகங்களின் பிள்ளை. வருஷம் முழுக்க அறுவடை தருவது இதன் சிறப்பு. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் குறியீடு காப்பது பெயரை, கொடியை அல்ல.

பந்தல் பந்தலாக நிற்பவை ஏறக்குறைய ஒரே கொடியின் நகல்கள். ஒன்றைச் சாய்க்கும் நோய் எல்லாவற்றையும் சாய்க்கும். 1860-களில் பிரான்ஸில் அமெரிக்காவிலிருந்து வந்த வேர்ப்பூச்சி தோட்டம் தோட்டமாக அழித்தது. காப்பாற்றியது எது? அந்தப் பூச்சியோடு வாழ்ந்து பழகிய அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர்தான். அதன்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள்.

ஒன்றையே நம்பினால் என்னாகும் என்று சிவகாசிக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2018-ல் பட்டாசு குறித்த உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஆலைகள் மூடிக் கிடந்தன. அச்சகத்திலும் கால் வைத்திருந்தவருக்கு இன்னொரு பிடி இருந்தது. மருந்தை மட்டும் நம்பியவருக்கு எதுவும் இல்லை.

என்ன செய்யலாம்?

"வேற ரகம் போடுங்க" என்று விவசாயியிடம் சொல்வது சுலபம். பந்தலுக்குக் கடன் வாங்கியவர், வியாபாரி கேட்காத பழத்தை நட்டுச் சோதனை செய்ய முடியாது. அந்தச் செலவை அரசுதான் ஏற்க வேண்டும். ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பல நாட்டு ரகங்களையும், காட்டு இன வேர்க்குச்சிகளையும் அங்கே பெருக்கி, நஷ்ட ஈட்டு உறுதியோடு தோட்டங்களில் சோதிக்க வேண்டும். நோய் வந்த பிறகு புது ரகம் தேடினால் நேரம் இருக்காது. ஒரு கொடி காய்ப்புக்கு வரவே ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும்.