டவர் இருக்க சப் எதற்கு என்பார்க்கு

‘டவர் ஸ்பீக்கர் உள்ள வீட்டில் சப்வூஃபர் எதற்கு?’ என்ற வாசகம், ரிட்சி தெருக் கடைகளிலும், இசைப் பிரியர்கள் கூடும் இடங்களிலும், வேதவாக்கியம் போலப் பல்லாண்டுகளாக ஓதப்பட்டு வருகிறது. இடுப்பளவு உயரப் பெட்டிகள் இரண்டு நிற்கையில் அதற்கு மேலும் ஒன்று கேட்பவன் சங்கீத ருசி அற்றவன் என்பதே அதன் உட்பொருள். இதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர், வாங்க வந்தவரின் கூடம் எத்தனை அடி நீளம் என்று ஒருமுறையேனும் விசாரித்ததில்லை என்பதுதான் எனக்கு நெடுநாளாக உள்ள மனத்தாங்கல்.

சப்வூஃபர் சினிமா வெடிச் சத்தத்துக்கே உரியது என்கிறார்கள். பேஸ் கிதாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது; இளையராஜாவின் பாட்டுகளில் அது தனிக் குரலாகவே நடமாடுவதைக் கேட்டவர்கள் இந்த வாதத்தை எடுக்கவே மாட்டார்கள். சப்பின் ஒலி ‘வேகம் குறைந்தது’, டவரோடு ஒட்டாது என்கிறார்கள். அளவும் ஃபேஸும் சரிபார்க்காமல் வைத்த சப்பைக் கேட்டவர்களின் பேச்சு அது.

கர்நாடக சங்கீதத்துக்கு அத்தனை கீழ் நாதம் வேண்டியதில்லை, இருப்பதை டவரே கொடுத்துவிடும் என்ற வாதத்துக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடும் வித்வானுக்குப் பின்னால் மீட்டப்படும் தம்பூராவின் மந்தரத் தந்தி ஏறக்குறைய 69 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவையை அப்பி, உள்ளங்கை அடியால் அழுத்தி இழுத்து எழுப்பும் கும்கியும் அதற்கு அக்கம்பக்கத்தில்தான் உலவுகிறது. டவரின் விவரத்தாளில் 40 ஹெர்ட்ஸ் வரை என்று அச்சிட்டிருக்கலாம்; அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பாடகர் எதிரே அமர்ந்து பாடுவது போலக் கேட்க வேண்டுமென்று அந்தப் பெட்டிகளைச் சுவரிலிருந்து நான்கடி முன்னே இழுத்து வைக்கிறோம் அல்லவா? பின்புறமாகச் செல்லும் கீழ் நாதம் சுவரில் மோதித் திரும்புவதற்குள் எட்டடி அதிகம் பயணம் செய்துவிடுகிறது. வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்லும் ஒலிக்கு எட்டடி என்பது 70 ஹெர்ட்ஸ் அலையின் நீளத்தில் சரிபாதியாகையால், திரும்பி வரும் அலை, நேரே செல்லும் அலைக்கு எதிர்முகமாக நின்று அதைத் தின்றுவிடுகிறது. தம்பூராவின் மந்தரம் போகிறது; தொப்பியின் நாதம் சூம்பிவிடுகிறது. பெட்டியின் விலை எத்தனை லட்சமானாலும் இந்தக் கணக்கு மாறாது. பெட்டியைச் சுவரோடு ஒட்டினால் கீழ் நாதம் மீளும், குரலின் தெளிவு கெடும். குரலுக்கு உகந்த இடம் வேறு, கீழ் நாதத்துக்கு உகந்த இடம் வேறு. இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, இரண்டும் கிடைத்துவிட்டதாகச் சாதிப்பது எந்த நியாயம்? 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் பிரித்து, சுவரிலிருந்து ஓரடியில் நிற்கும் சப்புக்குக் கொடுத்தால், அந்தப் பள்ளம் 280 ஹெர்ட்ஸுக்கருகே போய்விடுகிறது. அங்கே சப்புக்கு வேலையே இல்லை.

சிட்லபாக்கம் ஏரிக்கு அருகே ஒரு நண்பரின் கூடத்தில் இதைப் பிரத்தியக்ஷமாகக் கண்டேன். பதினைந்தடி நீளம், ஒன்பதங்குலச் செங்கல் சுவர், வழவழப்பான தரை. சோபாவில் அமர்ந்தவருக்குத் தொப்பி வெறும் தட்டொலி. சமையலறை வாசற்படியில் நின்றால் அதே தொப்பி நிறைவாகப் பேசிற்று. பத்தங்குல சப் ஒன்றைச் சுவரோரம் வைத்தபின், டவர்களை அணுவளவும் நகர்த்தாமலே, அந்த நிறைவு சோபாவுக்கு வந்து சேர்ந்தது. மேல்நாட்டு மரச்சட்ட வீடுகளின் பலகைச் சுவர்கள் கீழ் நாதத்தில் ஒரு பங்கை உள்வாங்கிக்கொள்கின்றன. நம் சிமெண்டு பூசிய சுவர்களோ ஏறக்குறைய முழுவதையும் திருப்பி அனுப்புகின்றன. அங்குள்ள வீடுகளை வைத்துச் சொன்ன புத்திமதியை இங்கே அப்படியே ஒப்பிப்பதில் பொருளில்லை.

அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு என்ற ஆட்சேபமும் உண்டு. தனி வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் எழும் இப்பகுதியில் மெல்லக் கேட்பவர்களே அதிகம். மெல்லக் கேட்பவருக்கே சப் அதிகம் தேவை. ஒலி குறையக் குறையக் காது கீழ் நாதத்தையே முதலில் இழக்கிறது என்பதை பெல் ஆய்வுக்கூடத்து ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். அந்த இழப்பை மட்டும் ஈடுசெய்ய சப்பில் தனித் திருகு இருக்கிறது.

ஒரு சப் போதாத கூடங்களும் உண்டு. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவே ஒவ்வொன்றாக இரண்டு வைத்தால், இருக்கைக்கு இருக்கை நாதம் மாறும் குறை பெரிதும் தணிகிறது என்று ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் ஆராய்ந்து காட்டினார்.

வாசகர்கள் என் சொல்லையும் நம்ப வேண்டாம். கடைக்காரரிடம் ஒரு சப்பை இரவலாக வாங்கி, முதலில் நீங்கள் உட்காரும் இடத்திலேயே அதை வைத்து, தொப்பி நன்றாகப் பேசும் ஒரு தனியாவர்த்தனத்தை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து பாருங்கள். எந்த இடத்தில் தொப்பி ஏற்றத்தாழ்வின்றிக் கேட்கிறதோ, அங்கே சப்பை வைத்துவிட்டு இருக்கைக்குத் திரும்புங்கள்.