ஊகம் போதும், திட்டம் மக்கள் முன் வரட்டும்

திருவனந்தபுரம் கோட்டைக்குத் தெற்கே, மணக்காட்டை ஒட்டி அமைந்திருக்கிறது ஸ்ரீவராகம். வராகமூர்த்தி கோயிலும் அதன் பெரிய குளமும் அப்பகுதியின் அடையாளங்கள். தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் இந்தப் பகுதியிலும், கோட்டை, சாலை, கரமனை ஆகிய சுற்றுப்பகுதிகளிலும் வாழ்ந்து வருகின்றன. பருவமழை வலுக்கும்போது இவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தெருவில் விழும் தண்ணீர் எப்போது வடியும்?

அந்தத் தண்ணீர் போய்ச் சேர வேண்டிய வழி பார்வதி புத்தனாறு. ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சிக் காலத்தில், அதாவது 1815க்கும் 1829க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்ட கால்வாய் அது. பூந்துறையிலிருந்து முட்டத்தறை, வள்ளக்கடவு, சாக்கை வழியாக நகரின் மேற்கு ஓரமாக அது வேளிக்குச் செல்கிறது. நகரின் நடுவே ஓடும் ஆமையிழஞ்சான் தோடு தம்பானூர், வஞ்சியூர், கண்ணம்மூலை வழியாக ஆக்குளம் காயலில் கலக்கிறது. பட்டம் தோடும் உள்ளூர் தோடும் அதே காயலை நோக்கியே வருகின்றன. சுருங்கச் சொன்னால், தலைநகரின் மழைநீரும் கழிவுநீரும் பெருமளவுக்கு முடிவடையும் இடம் ஆக்குளம்–வேளி நீர்ப்பரப்பு.

தலைநகரின் பொழுதுபோக்கு மையங்களும் அதே கரையில்தான் இருக்கின்றன. கானாயி குஞ்ஞிராமனின் சிற்பங்கள் நிற்கும் வேளி சுற்றுலா கிராமத்தில் 2020இல் சிறு ரயில் ஓடத் தொடங்கியது. ஆக்குளம் சுற்றுலா கிராமத்தில் 2022இல் சாகசப் பூங்கா திறக்கப்பட்டது; அதன்பின் கண்ணாடிப் பாலமும் எழுந்தது. அடுத்து என்ன, எவ்வளவு நிலம், யாருடைய முதலீடு என்ற பேச்சு நகரில் ஓய்வதில்லை. ஒரு நாளிதழில் ஒரு வரி வந்தால் போதும். நிலத் தரகர்கள் கிளம்பி விடுகிறார்கள். கால்வாய்க் கரையின் புறம்போக்கில் குடியிருக்கும் குடும்பங்களுக்கோ அதே வரி தூக்கத்தைக் கெடுக்கிறது.

விரிவாக்கம் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கு முன்பாக எழ வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பொது நிலம், பொது நீர், பொது வரி ஆகியவற்றைத் தொடும் திட்டங்கள் ஏன் ஊகங்களாகவே மக்களை வந்தடைகின்றன? முதலீட்டாளரின் மேசையில் வரைபடமாக இருப்பது வார்டு மக்களின் காதில் மட்டும் வதந்தியாக விழுவது ஏன்?

ஊகத்துக்கும் விலை உண்டு. பூங்கா வருகிறது என்ற செய்தி பரவியவுடன் சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறுகிறது. ஓர் இராட்டினம்கூடச் சுழல்வதற்கு முன்பே லாபம் பார்ப்பவர்கள் பார்த்துவிடுகிறார்கள். வாடகைக்குக் குடியிருப்பவரும், மீன் விற்றும் தள்ளுவண்டி வைத்தும் பிழைப்பவரும் ஊரின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். திட்டம் கைவிடப்பட்டாலும் ஏறிய விலையும் வாடகையும் எளிதில் இறங்குவதில்லை.

நாட்டின் பிற பகுதிகளிலும் இதுவே நடைமுறையாக இருக்கிறது. கொச்சியில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய பூங்கா, வொண்டர்லா என்ற பெயரில் பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வர் எனப் பரவி, 2025 டிசம்பரில் சென்னையை அடுத்த திருப்போரூர் அருகே இள்ளலூரில் ஐந்தாவது பூங்காவைத் திறந்தது. சுமார் 64 ஏக்கரில் அமைந்த இப்பூங்காவுக்கு 611 கோடி ரூபாய் முதலீடு என்று அறிவிக்கப்பட்டது. நிலம் வாங்கிப் பல ஆண்டுகள் கடந்தும் பணி தொடங்காமல் நின்றதற்கு உள்ளாட்சிக் கேளிக்கை வரியே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த வரியிலிருந்து மாநில அரசு விலக்கு அளித்த பிறகுதான் வேலை வேகம் பெற்றது. புவனேஸ்வரிலோ 50 ஏக்கர் நிலத்தை ஒடிசா அரசே 90 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது.

உள்ளாட்சிக் கேளிக்கை வரி என்பது பூங்கா அமைந்துள்ள ஊரின் வருவாய். பார்வையாளர்களின் வாகனங்கள் ஓடும் சாலை, அவர்கள் விட்டுச் செல்லும் குப்பை, பூங்கா உறிஞ்சும் தண்ணீர் ஆகிய அனைத்தின் சுமையும் அந்த ஊருடையது. சுமை ஊரிலேயே தங்கிவிட, வரியை விட்டுக்கொடுக்கும் முடிவு மட்டும் தலைமைச் செயலகத்தில் எடுக்கப்படுகிறது. ஒன்றிய அரசின் வரியும் குறைந்தது. 2017இல் 28 விழுக்காடாக இருந்த பூங்கா நுழைவுக்கான ஜிஎஸ்டி, 2018 ஜனவரியில் 18 விழுக்காடானது. இத்தனை சலுகைக்குப் பிறகும் சென்னைப் பூங்காவில் ஒருவருக்கான நுழைவுச் சீட்டு சுமார் 1,500 ரூபாயில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2025–26ஆம் ஆண்டு ஊரக வேலைத் திட்டத்தின் நாள் கூலி 336 ரூபாய். ஒரு விவசாயத் தொழிலாளி நான்கு நாள் வேலை செய்தாலும் அந்தக் கூலியில் அப்படி ஒரு சீட்டை வாங்க முடியாது.

சீட்டு வாங்க முடிந்தவருக்கும் பாதுகாப்பு உறுதியில்லை. 2016 மே மாதம் தாம்பரம் அருகே ஒரு பூங்காவில் புதிய இராட்டினத்தின் சோதனை ஓட்டம் நடந்தபோது அது உடைந்து விழுந்து ஊழியர் ஒருவர் உயிரிழந்தார்; பலர் காயமுற்றனர். சோதனைக்காக அதில் ஏற்றப்பட்டவர்கள் அங்கு வேலை செய்த தொழிலாளர்களே. 2024 மே 25 அன்று ராஜ்கோட் விளையாட்டு மையத்தில் எரிந்த தீ, குழந்தைகள் உட்பட 27 பேரைப் பலிகொண்டது. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமலே அந்த மையம் இயங்கியது பின்னர் வெளிவந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே, வர்க்கலைக் கடற்கரையின் மிதவைப் பாலம் திறந்து மூன்று மாதம் முடிவதற்குள், 2024 மார்ச்சில், அலையில் சிக்கிப் பலர் கடலில் விழுந்து காயமடைந்தனர்.

மலைச்சரிவின் பாடத்தையும் மறக்கலாகாது. கோழிக்கோடு மாவட்டம் கூடரஞ்ஞி ஊராட்சியின் கக்காடம்பொயிலில் இயங்கிய நீர்ப்பூங்கா, 2018 மழையில் ஏற்பட்ட நிலச்சரிவுக்குப் பிறகு மூடப்பட்டது. 2023இல் அதன் ஒரு பகுதியை மீண்டும் திறக்க மாநில அரசு அனுமதித்தது. அப்பகுதியில் ஓடையை மறித்த தடுப்பணைகளை அகற்ற உயர் நீதிமன்றத்தின் உத்தரவு தேவைப்பட்டது. அந்தப் பூங்கா, அப்போது இடதுசாரி அணியின் ஆதரவுடன் வென்றிருந்த ஒரு சட்டமன்ற உறுப்பினருக்குத் தொடர்புடையது. அவர் பின்னர் அணியை விட்டு விலகிவிட்டார் என்பதால் அந்தப் பாடமும் விலகிவிடாது. ஆட்சி யாருடையதாயினும், பூங்கா யாருடையதாயினும் அளவுகோல் ஒன்றாக இருந்தால்தான் உழைக்கும் மக்கள் இடதுசாரிகளின் சொல்லை நம்புவார்கள்.

இந்தப் பின்னணியில் ஆக்குளத்துக்குத் திரும்ப வேண்டும். 2024 ஜூலை 13 அன்று தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஆமையிழஞ்சான் தோட்டில் இறங்கிய ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி ஒருவரை மழைவெள்ளம் அடித்துச் சென்றது. தண்டவாளங்களுக்கு அடியில் நூறு மீட்டருக்கும் மேல் நீளும் அந்தச் சுரங்கம் பிளாஸ்டிக் குப்பையால் அடைபட்டுக் கிடந்தது. இரண்டு நாள் தேடலுக்குப் பிறகு, ஜூலை 15 அன்று, தகரப்பறம்பில் அவர் உடல் மிதந்தது. பொறுப்பு யாருடையது என்று ரயில்வேயும் மாநகராட்சியும் ஒருவரையொருவர் கைகாட்டின. தோட்டின் ஒரு முனையில் ஒரு தொழிலாளி உயிரைக் கொடுக்க, அதன் மறுமுனையில் கண்ணாடிப் பாலத்தை வைத்து வளர்ச்சி பேசுவது நியாயமாகாது.

தோடுகளும் பார்வதி புத்தனாறும் தூய்மை பெறாமல் ஆக்குளம்–வேளிக் கரையில் எத்தனை கேளிக்கைகள் சேர்த்தாலும், அவை சாக்கடையின் கரையில் வைத்த பூந்தொட்டிகளாகவே இருக்கும். முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2013 முதல் இருக்கிறது. நகரின் எல்லா வீடுகளும் அதன் குழாய்களில் இன்னும் இணைக்கப்படவில்லை. அந்த இணைப்பு முடிந்தால் ஸ்ரீவராகத்தின் தெருவும் தப்பும், வேளியின் காயலும் தப்பும். சுற்றுலாவுக்கும் அதைவிடப் பெரிய முதலீடு வேறில்லை.

பொழுதுபோக்கை உழைக்கும் மக்கள் வெறுக்கவில்லை. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய இயக்கம், ஓய்வுக்கான நேரத்தையும் சேர்த்துத்தான் கேட்டது. குழந்தைகள் விளையாட வேண்டும். குடும்பங்கள் மாலையில் காற்று வாங்க வேண்டும். அதற்கான மாற்று வழி கேரளத்திலேயே இருக்கிறது. வாக்படானந்தரின் தூண்டுதலால் 1925இல் பிறந்த ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், வடகரை அருகே இரிங்ஙலில், கைவிடப்பட்ட கல்குவாரி நிலத்தில், 2011 முதல் சர்காலயா கைவினைக் கிராமத்தை நடத்தி வருகிறது. ஆக்குளத்தின் சாகசப் பூங்காவை நடத்தும் பொறுப்பும் வட்டியூர்க்காவு இளைஞர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிடம்தான் தரப்பட்டது. பெரு முதலாளி வராமல் எதுவும் நடக்காது என்ற வாதம் இங்கே உடைகிறது. ஆனால் கூட்டுறவு என்ற பெயர் மட்டும் போதாது. அதன் கணக்கும், பாதுகாப்புச் சோதனையும், ஊழியர்களின் ஊதியமும் வெளிச்சத்தில் இருக்க வேண்டும்.

எனவே ஆக்குளம்–வேளிக் கரையில் இனி எந்த விரிவாக்கம் பேசப்பட்டாலும் சில நிபந்தனைகள் முதலில் நிறைவேற வேண்டும். நிலம் எவ்வளவு, நீர் எங்கிருந்து, குத்தகை யாருக்கு, எத்தனை ஆண்டு என்ற விவரங்கள் முழுமையாக வெளியிடப்பட வேண்டும். வரி விலக்கு கேட்கப்பட்டால், சம்பந்தப்பட்ட உள்ளாட்சியின் ஒப்புதலின்றி அது தரப்படக் கூடாது. கால்வாய்க் கரையில் வாழும் குடும்பங்களுக்கு அருகிலேயே வீடு தந்த பிறகே ஓர் அளவுக்கல்லேனும் நடப்பட வேண்டும். இராட்டினங்களையும் பாலங்களையும் சுயேச்சையான பொறியாளர்கள் சோதித்து, அறிக்கை வாசலில் ஒட்டப்பட வேண்டும். கரையின் ஒரு பகுதி சீட்டின்றி எவரும் வந்து அமரும் இடமாக எப்போதும் இருக்க வேண்டும்.

1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கிய மாநிலம் கேரளம். திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளின் கையில் கொடுத்து, வார்டில் உட்கார்ந்து திட்டமிட மக்களைப் பழக்கிய மண்ணில், ஒரு பூங்காவின் வரைபடத்தை மக்களிடம் காட்டுவது கடினமான காரியமல்ல. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்த உரிமை தந்திருக்கிறது. ஸ்ரீவராகத்திலும் சாலையிலும் கரமனையிலும் உள்ள தோழர்கள் அந்த உரிமையைப் பயன்படுத்தித் தமிழிலேயே கேள்வி எழுப்பலாம். பதிலைத் தமிழிலேயே பெற்றுத் தெருமுனையில் படித்துக் காட்டலாம்.

கட்சிக் கிளைகளின் வேலை வதந்திக்குப் பின்னால் ஓடுவதும் அன்று, எந்தத் திட்டம் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பதும் அன்று. கால்வாய்க் கரைக் குடும்பங்கள், துப்புரவுத் தொழிலாளர்கள், மீனவர்கள், பூங்கா ஊழியர்கள் ஆகியோரை ஒரே கூட்டத்தில் உட்கார வைத்து அவர்கள் கேள்விகளை எழுதி வாங்குவதில்தான் வேலை தொடங்குகிறது. அந்தக் கேள்விகளுக்கு அரசும் மாநகராட்சியும் எழுத்தில் பதில் சொல்லும் நாளில் ஊகங்கள் தாமாகவே அடங்கும்.